அம்மா பத்து வீட்டில் பிச்சை எடுத்தது

எனக்குக் கோவையாக எழுத வராது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு வரை போனேன். அதிலும் ஒரு வருஷம் காய்ச்சலில் போயிற்று. நடந்தது முன்னே பின்னே ஆகியிருக்கும், சில இடம் மறந்தும் விட்டது. எங்கள் கோயில் மாதர் சபையில், அந்தக் காலத்தில் நம் சனங்கள் ஏழைகளிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்று வயதானவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். எழுந்து நின்று பேசச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்குக் கோயிலுக்கே வந்திருக்க மாட்டேன். எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆகையால் எழுதுகிறேன், பிழையைப் பொறுத்துக்கொள்ளவும். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். அது எங்கள் அம்மா பிச்சை எடுத்தது.

ஜப்பான்காரன் வருவதற்கு வெகு காலம் முந்தி. முதல் பெரிய சண்டை ஓய்ந்து, அரிசித் தட்டுப்பாடு வந்து, அதுவும் ஒருவழியாகத் தீர்ந்திருந்தது. எனக்கு எட்டு வயது, ஒன்பதாகவும் இருக்கலாம். அப்பா துறைமுகத்துக் கிடங்கில் கிராணி. பேனா பிடிக்கிற வேலை. பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்தில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன தமிழர் நான்கு பேர். அப்பா நான்காவது. அம்மாவை எல்லோரும் கிராணியம்மா என்பார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கும். மூன்று வீடு தள்ளி அப்பாவுக்கு மேலே வேலை பார்த்தவரின் மனைவி இருந்தார்கள். அவர்களைப் பெரிய கிராணியம்மா என்பார்கள். அம்மாவுக்கு அது பிடிக்காது.

எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் கண் திறக்கவில்லையாம். வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பார்த்துவிட்டு, இனி கோயில் சாமியாரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போனாராம். அன்றைக்கு அம்மா அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று பொருத்தனை செய்தாள். பிள்ளை பிழைத்தால் பத்து வீட்டில் மடிப்பிச்சை எடுக்கிறேன், அந்த அரிசியைச் சமைத்து ஏழைகளுக்கு என் கையால் பரிமாறுகிறேன் என்று.

எங்கள் சனங்களிடம் இந்த வழக்கம் உண்டு. வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தாலும் அது செல்லாது. நகையைக் கழற்றிவிட்டு, வெறும் காலோடு, வாசல் வாசலாக நின்று கேட்டு வாங்கிய அரிசிதான் செல்லும்.

நான் பிழைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அம்மா தான் சொன்னது என்ன என்று யோசித்துப் பார்த்தாள். தபசு காலம் முடியட்டும் என்றாள். முடிந்தது. மழை நிற்கட்டும் என்றாள். பினாங்கில் மழை நிற்பதற்காகக் காத்திருக்கலாம், அதற்கு ஒரு முடிவு கிடையாது. நடுவில் நான் இரண்டு தும்மல் தும்மினால் போதும். அப்பா பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்ப்பார், பிறகு அம்மாவைப் பார்ப்பார்.

"அந்தோனியார் ஞாபகப்படுத்துறாரு," என்பார்.

எனக்கும் விஷயம் தெரிந்தது. பொருத்தனை செலுத்தாவிட்டால் காய்ச்சல் திரும்ப வரும், இந்தத் தடவை போய்விடுவேன். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த அறையில் சொன்னார்கள்.

கடைசியில் அம்மா சாமியாரிடம் போனாள். என்னையும் அழைத்துப் போனாள். அவர் பிரெஞ்சுக்காரர். புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் பல வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். வெள்ளைத் தாடிக்குள்ளிருந்து களத்துமேட்டுத் தமிழ் வரும்.

"சாமி, பிச்சைக்குப் பதிலா ரெண்டு மூட்டை அரிசி குடுத்துடுறோம். சியாம் அரிசி," என்றாள் அம்மா.

"யார் அரிசி?"

"எங்க அரிசிதான் சாமி."

"அது லேசாச்சே. அந்தோனியார்கிட்ட நீ லேசானதச் சொல்லலியே."

"அன்னைக்குப் பயத்துல சொல்லிட்டேன் சாமி."

"பயம் இல்லாம யாரு பொருத்தன பண்றா? இங்க பாரு. குடுக்கறதுக்குக் கொஞ்சம் மனசு போதும். வாங்கறதுக்குத்தான் நெறைய வேணும். ஏழைங்க நெதம் அதச் செய்யறாங்க. நீ ஒரு நாள் செஞ்சு பாரு. அப்புறம் குடுக்கும்போது கை தானாத் தாழ்ந்துக்கும்."

ஞானோபதேச வகுப்பிலும் அவர் இப்படித்தான் பேசுவார். வாசலில் ஏழை வந்து நின்றால் சேசுநாதர் நிற்கிறார் என்று நினைத்துக்கொள், காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்க்காதே என்பார். அவர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வாசலுக்கு யார் வந்தாலும் நான் முதலில் காலைத்தான் பார்த்தேன்.

அம்மா ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்தாள், அந்தோனியார் கிழமை. கோயிலுக்குப் பின்னால் ஏழைகளுக்குச் சோறு என்று சொல்லி அனுப்பியாயிற்று. பிறகு அம்மா பத்து வீடுகளைத் தேர்ந்தெடுத்தாள். எல்லாம் தெரிந்த வீடுகள், பூசைக்கு வருகிற வீடுகள். அதிலும் அம்மாவுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. யாரிடமும் கை நீட்டி வாங்கியவள் என்று பேர் வரக்கூடாது. ஆகவே திங்கட்கிழமை சாயந்தரம் பத்துச் சின்ன மூட்டை கட்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு படி சியாம் அரிசி, நல்ல அரிசி. அதை என்னிடம் கொடுத்துப் பத்து வீட்டுக்கும் அனுப்பினாள். என்ன சொல்ல வேண்டும் என்றும் மனப்பாடம் செய்வித்தாள்.

எனக்கு அடுத்தவர் வீட்டில் வாய் திறப்பது என்றால் காய்ச்சலே தேவலை. வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா நாளைக்குப் பிச்சைக்கு வருவாங்களாம். இதப் போடணுமாம்," என்று பத்துத் தடவை சொன்னேன்.

பெரிய கிராணியம்மா மூட்டையை வாங்கி, பிரித்து, அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார்கள்.

"ஒங்கம்மா குடுத்து வச்சவ. பிச்சைய முன்கூட்டியே அனுப்பிட்டா," என்றார்கள்.

இதற்கு என்ன பதில் என்று அம்மா சொல்லித் தரவில்லை. நான் வந்துவிட்டேன்.

அன்றைக்குப் படுக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டு அரிசி செல்லாது. இது வீட்டு அரிசி. நான்தான் சுமந்தேன். அம்மாவிடம் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அம்மா அப்போது சேலையோடு உட்கார்ந்திருந்தாள். பிச்சைக்குக் கிழிந்த சேலை உடுத்த வேண்டும். எங்கள் வீட்டில் கிழிந்த சேலை இல்லை. ஒரு நல்ல நூல் சேலையை எடுத்துக் கத்தரிக்கோலால் இரண்டு இடத்தில் கிழித்தாள். கிழித்த இடம் நூல் பிரிந்து பெரிதாகிவிடுமே என்று ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை அம்மா வளையல், தோடு எல்லாம் கழற்றினாள். தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். அப்பா லீவு எடுத்திருந்தார். கோயிலுக்குப் போய் அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்க வைப்பது அவர் வேலை. பத்து வீட்டு அரிசியையும் ஒன்றாகத்தான் உலையில் போட வேண்டும். பத்தாவது வந்து சேராமல் முதல் பிடியைப் போடக் கூடாது.

புறப்படும் முன் அப்பா, "எங்க, ஒருவாட்டி கேட்டுக் காட்டு," என்றார்.

"அந்தோனியார் பேரால பிச்ச போடுங்கம்மா," என்றாள் அம்மா.

"எனக்கே கேக்கல."

"ஒங்களுக்குக் காது மந்தம்."

முதல் வீடு பெரிய கிராணியம்மா வீடு. அம்மா வாசலில் நின்று உதட்டை மட்டும் அசைத்தாள். அவர்கள் காத்திருந்தது போல உடனே வந்து, முறத்திலிருந்து அரிசியை மடியில் கொட்டினார்கள். அம்மா மடியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நொய். ரங்கூன் நொய், அதில் வண்டும் இருந்தது. நாங்கள் கொடுத்த சியாம் அரிசி அவர்கள் வீட்டுக்குள் எங்கேயோ சுகமாக இருந்தது.

"போதுமாம்மா?" என்றார்கள் பெரிய கிராணியம்மா.

பிச்சைக்கு வந்தவள் அரிசியைப் பற்றிப் பேச முடியாது. அம்மா, "போதும்," என்றாள். சந்துமுனை வரைக்கும் மடியைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். பிறகு, "வண்டு," என்று மட்டும் சொன்னாள்.

மற்ற எட்டு வீட்டிலும் எங்கள் அரிசி எங்களுக்கு ஒழுங்காகத் திரும்பி வந்தது. பத்தாவது வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "அவங்க காலையிலயே அக்கரையில பிறை ஊருக்குப் போய்ட்டாங்க. தங்கச்சிக்கு வலி வந்துருச்சாம், கப்பல் ஏறிட்டாங்க," என்றாள்.

"எப்ப வருவாங்க?"

"புள்ள பொறந்தப்புறம்."

அம்மா பூட்டைப் பிடித்துப் பார்த்தாள். "நம்ம அரிசி உள்ள இருக்கு," என்றாள் என்னிடம். அங்கே கோயிலில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்.  எட்டு வீடு வீட்டு அரிசி, ஒரு வீடு அதற்கு மாற்றிப் போட்ட நொய், பத்தாவது வீடு பூட்டு. இனி நான் பிழைக்க வழியில்லை என்று முடிவு செய்தேன். அழவில்லை. தெருவில் அழுவது எனக்கு வெட்கம்.

அந்த வீட்டுக்குப் பின்னால் மாட்டுவண்டிப் பட்டி, அதை ஒட்டி முனிசிபல் கூலிகளின் லைன், வரிசையாகச் சின்ன அறைகள். தெருக் கூட்டுகிறவர்கள், கக்கூஸ் வாளி தூக்குகிறவர்கள் இருந்த இடம். அம்மா அந்தப் பக்கம் நடந்ததே இல்லை. ஏன் என்றால் சாக்கடை நாற்றம் என்பாள். எங்கள் சந்தில் இருந்த சாக்கடையும் அதே சாக்கடைதான். அந்த லைனிலிருந்து பூசைக்கு வந்தவர்கள் கோயிலில் கடைசித் தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். அங்கே உட்காருங்கள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உட்கார்ந்தார்கள்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு லைனுக்குள் போனாள். முதல் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண்பிள்ளை தலை வாரிக்கொண்டிருந்தாள். அம்மா வயதுதான் இருக்கும், முன்பல் ஒன்று இல்லை. சுவரில் மாரியம்மன் படம்.

"அந்தோனியார் பேரால..." என்று அம்மா ஆரம்பித்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தாள்.

"யாரு பேரால வேணா இருக்கட்டும் தாயி. ஒனக்கு வேணுமா வேணாமா? சத்தமாச் சொல்லு," என்றாள் அவள்.

"பிச்ச போடுங்க," என்றாள் அம்மா. இந்தத் தடவை எனக்கே கேட்டது.

அவள் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். கிழிசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அப்போது எலும்பும் தோலுமாக இருப்பேன், காய்ச்சலில் கொட்டிய தலைமுடி முழுக்க முளைத்திருக்கவில்லை.

"ஐயோ பாவம், புள்ளையப் பாரு," என்று எழுந்து போய் மூலையிலிருந்த தகரத்தைக் கவிழ்த்தாள். ஒரு பால் டின் அளவு அரிசி வந்தது. தகரத்தின் அடியைத் தட்டினாள். அதற்கு மேல் வரவில்லை. அவ்வளவையும் அம்மா மடியில் போட்டாள்.

அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, "ஒங்களுக்கு?" என்றாள்.

"எங்களுக்கு இன்னைக்கு வேணாம். வேதக்காரங்க கோயில்ல சோறு போடறாங்க. ஒனக்குத் தெரியாதா? நல்ல ஆளு நீ. பிச்ச எடுக்கறவளுக்கு இது தெரியாம இருக்கலாமா? வா, நானும் அங்கதான் போறேன். சீக்கிரம் போனாத்தான் முன் வரிசை. கடைசியில உக்காந்தா கொழம்பு தண்ணியாயிரும்."

அம்மா ஏதோ சொல்லப் பார்த்தாள். அவள் அதற்குள் கொண்டையைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். என்னை மற்றக் கையில் பிடித்துக்கொண்டாள். வழி முழுக்க எந்தக் கோயிலில் என்றைக்குச் சோறு, எந்தச் சீனத் தவுக்கே முதலாளி வீட்டில் சாவுக்குப் பிறகு அரிசி கொடுப்பார்கள், எங்கே நாய் உண்டு என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா, "ம், ம்," என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பெரிய கிராணியம்மாவும் இன்னும் சில அம்மாக்களும் பரிமாற நல்ல சேலையில் நின்றார்கள். அம்மா நேரே உலையண்டை போய் மடி அரிசியை அப்பாவிடம் கொட்டினாள். எங்கள் கூட வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏன்டி, ஒனக்கு அறிவிருக்கா?" என்றாள். "ஒன் அரிசிய எதுக்கு அங்க போட்ட? இங்கதான் சும்மா போடறாங்களே. அது ராத்திரிக்கு ஆகுமில்ல?"

அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டு அரிசியைக் களைந்து உலையில் போட்டார்.

பந்தி போட்டபோது அவள் அம்மாவை விடவில்லை. முன் வரிசையில் மூன்று இலைக்கு இடம் பிடித்து, நடுவில் என்னை உட்கார வைத்து, அந்தப் பக்கம் அம்மாவை உட்கார்த்தினாள். பொருத்தனை செய்தவள் பரிமாற வேண்டியவள். அம்மா உட்கார்ந்திருந்தாள். இலை போட்டுக்கொண்டு வந்த அம்மாக்கள் எங்களைக் கண்டு ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.  அம்மா இலையைத் துடைத்தாள்.

சோறு கொண்டுவந்தது பெரிய கிராணியம்மா.

"கொஞ்சமா வைக்கவா?" என்றார்கள்.

"ஏன் கொஞ்சமா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "நெறைய வையுங்க தாயி. புள்ளைக்கும் வையுங்க. சீக்குப் புள்ள."

பெரிய கிராணியம்மா நிறைய வைத்தார்கள். நொய்யும் சியாம் அரிசியும் ஒன்றாக வெந்து, பாதி குழைந்து பாதி விறைத்து இருந்தது. அம்மா வண்டை ஒதுக்காமல் சாப்பிட்டாள். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொல்லும்முன் பக்கத்திலிருந்து, "இன்னும் போடுங்க," என்று சத்தம் வந்துவிடும்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா அவசரமாக எழுந்து, செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, அவள் கைக்கு ஊற்றினாள். அவள் கழுவிக்கொண்டு செம்பை வாங்கி, "இரு, ஒனக்கு நான் ஊத்தறேன்," என்று அம்மா கைக்கு ஊற்றினாள். அன்றைக்கு அம்மா தன் கையால் ஏழைகளுக்குச் செய்தது அவ்வளவுதான். மற்றவர்களுக்கெல்லாம் பெரிய கிராணியம்மா பரிமாறிவிட்டார்கள்.

போகும்போது அவள், "அடுத்த மாசம் தைப்பூசம் வருது, தண்ணீர்மலை முருகன் கோயில்ல சோத்துக்குக் கொறைவிருக்காது. சொல்லி அனுப்பறேன். எங்க இருக்க?" என்றாள்.

"அந்தப் பச்சைக் கதவு வீட்டுல."

"கிராணி வீடா? வேல செய்யறியா?"

"ஆமா," என்றாள் அம்மா. "அங்கதான் வேல செய்யறேன்."

"அந்த வீட்டம்மா ஒரு மாதிரின்னு சொல்வாங்களே."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஒரு மாதிரிதான்," என்றாள்.

வேலை செய்கிறேன் என்று சொன்னது பொய்யில்லை என்று அம்மா வீட்டுக்கு வந்தபின் அப்பாவிடம் வெகுநேரம் வாதாடினாள். அந்த வீட்டில் வேலை செய்வது வேறே யார் என்று கேட்டாள். 

மறுநாள் விடியும்போது எனக்குக் காய்ச்சல்.

உடம்பு கொதித்தது, வாந்தி எடுத்தேன். அம்மா சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டாள். அப்பா டிரெசரிடம் ஓடுவதா சாமியாரிடம் ஓடுவதா என்று தெரியாமல், கிட்டத்தில் இருக்கிறார் என்று சாமியாரிடம் ஓடினார். அவர் ரிக்‌ஷாவில் வந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டும் என்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கட்டிலண்டை உட்கார்ந்தார். எனக்கு அவரிடம் பேசவே வெட்கம். ஆனாலும் சாகப் போகிறேன், சொல்லாமல் போனால் நேரே நரகம்.

"சாமி, அந்த அரிசி எங்க வீட்டு அரிசி," என்றேன்.

"எந்த அரிசி?"

"பிச்ச அரிசி. மொத நாளு நான்தான் எல்லார் வீட்டுலயும் கொண்டுபோய்க் குடுத்தேன். அதத்தான் திருப்பிப் போட்டாங்க."

அவர் குனிந்து கிட்டே வந்தார். "பத்து வீட்டுலயுமா?"

"ஒம்பது சாமி. பத்தாவது பூட்டிப் போச்சு. அது லைன்ல ஒரு அம்மா போட்டாங்க. அவங்க தகரத்துல அவ்ளோதான் இருந்துச்சு."

சாமியாருக்கு இருமல் வந்தது. தாடியைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி இருமினார். ரொம்ப நேரம் இருமினார்.

"நேத்து எவ்வளவு சாப்பிட்ட?" என்றார் பிறகு.

"மூணு வாட்டி வாங்கினேன் சாமி."

"நீ சாகமாட்ட. மாதாவுக்கு மூணு பிரியதத்த மந்திரம் சொல்லு. நாளைக்குக் கஞ்சி மட்டும் குடி."

அவர் வெளியே போனதும் அம்மா, "என்ன சாமி சொன்னா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"அதச் சொல்லக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

 நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

"நானும் பாவசங்கீர்த்தனம் பண்ணணும் சாமி."

"சனிக்கெழம வா."

பிறகு வந்த டிரெசரும் வயிற்றுக் கோளாறு, சோறு அதிகம் என்றுதான் சொன்னார். இரண்டு நாளில் எழுந்துவிட்டேன். ஆனால் வீட்டில் யாரும் அதைச் சோறு என்று நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

சனிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போய் வந்தாள். என்ன சொன்னாள், அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அப்பா வேலைக்குப் போனதும் அந்தக் கிழித்த சேலையை எடுத்து உடுத்தினாள். யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு, எங்களை யாருக்கும் தெரியாத தெருக்களாகப் பார்த்து நடந்தாள். ஒன்பது வீடு.

ஒரு சீனர் வீட்டில் அந்தோனியார் யார் என்று தெரியவில்லை, மடி தெரிந்தது; இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுவிட்டு எனக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்தார்கள். ஒரு முஸ்லிம் மளிகைக் கடைக்காரர் ஒரு படி போட்டு, "புள்ளைக்கு இனி ஒண்ணும் வராது, துஆ செய்யறேன் அக்கா," என்றார். மற்ற வீடுகள் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. கடைசி வீடு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தமிழர் வீடு, உள்ளே சேசுவின் திருஇருதயப் படமும் அதற்கு விளக்கும் தெரிந்தன. அம்மா இப்போது சத்தமாகவே கேட்டாள்.

அந்த வீட்டம்மா வந்து, "கை காலு நல்லாத்தானே இருக்கு? ஒழைச்சுச் சாப்பிடறது," என்றாள்.

எங்கள் வாசலுக்கு வருகிறவர்களிடம் அம்மா சொல்லுகிறதும் இதுதான், ஒரு சொல் மாறாது. அம்மா, "சரிங்கம்மா," என்றாள். கதவு சாத்திக்கொண்டது. அம்மா அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். நான் சேலையைப் பிடித்து இழுத்ததும் நடந்தாள்.

அரிசியோடு நேரே லைனுக்குப் போனோம். அவள் அப்போதுதான் தெருக் கூட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன, வேல போயிருச்சா?" என்றாள்.

"இல்ல. நான்தான் அந்த வீட்டம்மா," என்றாள் அம்மா.

அவள் காலைக் கழுவி முடித்தாள். தகரக் குவளையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப எதுக்கு என் அரிசிய வாங்கின?"

அம்மா காய்ச்சல், பொருத்தனை, பிறைக்குப் போன வீடு எல்லாம் சொன்னாள். முன்கூட்டி அனுப்பின அரிசியையும் சொன்னாள். அம்மா அதை வாயால் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் பால் டின்னை எடுத்துவந்து, அம்மா மடியிலிருந்து ஒரு டின் மட்டும் மொண்டு, தலைதட்டி, தன் தகரத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது என்னுது. மிச்சம் நீ எதுக்கு எடுத்தியோ அதுக்கு."

"இங்கயே பொங்கலாமா?"

"என் அடுப்பு சின்னது."

"ரெண்டு தடவையாப் பொங்கலாம்."

மூன்று தடவை பொங்கினார்கள். புகையில் அம்மாவுக்குக் கண் எரிந்து, ஊதுகுழலை அவள் பிடுங்கிக்கொண்டாள். கருவாட்டுக் குழம்பு அவள் வைத்தாள். லைனில் அன்றைக்கு வேலையில்லாமல் இருந்தவர்கள், கிழவர்கள், பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்து அம்மா தன் கையால் பரிமாறினாள். குனிந்து குனிந்து போட்டாள்; அந்த இடத்தில் கூரை தாழ்வு, நிமிர முடியாது. அவள் இரண்டாவது வாய் எடுத்துவிட்டு, "சோத்துக்கு உப்பே போடல," என்றாள். அம்மா போய் உப்பு வாங்கிவந்து ஒவ்வொரு இலைக்காக வைத்தாள்.

அப்பா சாயந்தரம் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அப்பா விரல் விட்டு எண்ணினார். கொடுத்தது எட்டு வீடு, முந்தின செவ்வாய் லைன் வீடு ஒன்று, ஆக ஒன்பது. இன்னும் ஒரு வீடு எடுக்க வேண்டும் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பிச்சை என்றால் கிடைக்காததும் சேர்த்திதான், கதவைச் சாத்தின அந்த வீடுதான் எல்லா வீட்டிலும் பெரிய வீடு என்றாள். இருவரும் இதைப் பற்றிப் பல வருஷம் பேசினார்கள். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் போனார், அம்மா அதற்குப் பிறகு போனாள். ஒத்துப்போகவில்லை. சாமியாரிடம் கேட்டிருக்கலாம்; எனக்கு வெட்கம். அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து பார்த்துத் திருத்தவும். அந்த வருஷம் தைப்பூசம் அடுத்த மாதம் வந்ததா, முனிசிபல் லைன் அப்போதே அங்கே இருந்ததா என்பதெல்லாம் நான் தப்பாக எழுதியிருக்கலாம், அதை யாராவது வயதானவர்களிடம் கேட்டால் தெரியும். மற்றதைச் சாமியார்களிடம்தான் கேட்க வேண்டும். கதவைச் சாத்தின வீடு பத்தில் சேருமா, சேராதா? சேராது என்றால் பிச்சை எடுக்க இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் கம்பு ஊன்றினால் சந்துமுனை வரை நடப்பேன்.